நாற்பது நாள் நல்லவள்

பேரன்பும் பெருவெளிச்சமும் ஒருங்கே வாய்ந்த அத்தை அவர்களுக்கு,

உங்கள் அண்ணனின் ஒரே மகளும், பதினொன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சை அலங்கரிப்பவளும், உங்கள் வாயாலேயே ‘வாலு’ என்று பட்டம் பெற்றவளுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, அம்மா, பல்செட் செய்கிற அம்மாவின் மேசைமேல் காய்ந்துகொண்டிருக்கும் பதினேழு ஜோடித் தாடைகள் அனைவரும் நலம். அங்கே நீங்கள், உங்கள் நாடகக் குழு, உங்கள் நூற்றுப் பன்னிரண்டு விளக்குகள், அவற்றில் எரியாத நான்கு ஆகியோரின் நலமறிய ஆவல். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஊரெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு திரிகிற நீங்கள் உங்கள் போனை மட்டும் அணைத்தே வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் பேனா. எழுத்து கோணுகிறது, மன்னியுங்கள். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். அத்தை, முடித்துவிட்டேன்! நாற்பது! முழுசாக நாற்பது! இன்று காலை ஐந்தரைக்கு நாற்பதாவது கட்டத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். நான் சமையலறையில் குதித்த குதியில் கீழ்வீட்டுத் தையலக்கா, “மேல என்ன, பீரோவா விழுந்துச்சு?” என்று கத்தினார்.

ஒன்றரை மாதத்துக்கு முன் நீங்கள் எழுதிய கடிதம் உங்களுக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது, அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குகிறேன். “ஏணி உச்சியில் நான் நிற்பேன். கீழே அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் குறும்புக்காரியாக இருந்தால், நான் இறங்கி வர ஏணியே தேவைப்படாது. ஆகவே நாற்பது நாள் தொடர்ந்து ஒரு குறும்பும் செய்யாமல் இரு. தினமும் காலை ஐந்தரைக்கு எழு. கணக்கை உன் அப்பா வைக்கட்டும். ஒரு நாள் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து. முடித்தால் இந்த விடுமுறைச் சுற்றுப்பயணம் முழுவதும் நீதான் என் உதவியாளர்.” இதைப் படித்ததும் எனக்கு மூச்சு நின்று, பிறகு இரட்டையாக வந்தது. பத்து வயதில் என்னை உங்கள் விளக்குப் பலகைக்குப் பின்னால் உட்காரவைத்து, “அந்த நீலத்த மெதுவா மேல ஏத்து” என்று சொன்னீர்களே. நான் ஏற்றினேன். மேடையில் மத்தியானமாக இருந்தது சாயங்காலமாக மாறியது. என் விரல் ஒன்றரை அங்குலம் நகர்ந்ததற்கு முந்நூறு பேர் பேச்சை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நான் செய்த குறும்பெல்லாம், அத்தை, அந்த ஒன்றரை அங்குலம் கிடைக்காமல் கை அரித்ததால் செய்தவை. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் நம்ப இந்த வீட்டில் ஆளில்லை.

அப்பாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற ஆய்வாளர். இருபத்திரண்டு வருட சர்வீஸில் அரை கிராம் விட்டுக்கொடுத்ததில்லை. உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு நாற்பது கட்டம் போட்ட அட்டவணையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, மேலே ‘ஆய்வுக்கு உட்பட்டவர்’ என்று எழுதி, அதன் கீழே என் பெயரையும் எழுதினார். நானும் நெஞ்சில் கைவைத்து, இன்றோடு குறும்புக்கு முழுக்கு என்று முழங்கினேன். முழங்கி முடித்தது காலை எட்டு மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார், கடிகாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, முள் காலை எட்டுக்கு நகர்ந்துவிட்டது. அவர் திடுக்கிட்டு எழுந்து, குளித்து, ஷூ போட்டு, பஸ் நிறுத்தம் வரைக்கும் போய், திங்கட்கிழமைக்காக யாருமே இல்லாத தெருவில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். முதல் கட்டம், பூஜ்யம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் மணியடிக்கும் சுவிட்சின்மேல் ‘பழுது, தொடாதீர்கள்’ என்று ஒரு துண்டுச்சீட்டு எப்படியோ ஒட்டிக்கொண்டது. முதல் பீரியட் நடத்த வந்த இயற்பியல் ஆசிரியர், மணி அடிக்கும் அடிக்கும் என்று எதிர்பார்த்து, ஒளிவிலகலில் ஆரம்பித்து அடுத்த வருடப் பாடம் வரைக்கும் நடத்தி முடித்துவிட்டார். மறுபடி பூஜ்யம். மூன்றாவது தடவை பார்சல் கொண்டுவந்தவரிடம் சோகமான முகத்தோடு, “அவங்க போன வாரமே காலி பண்ணிட்டாங்கண்ணே” என்றேன். அவரும் பாவம், பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டார். அது எனக்கு வரவேண்டிய ஷூ.

ஒரே வாரத்தில் மூன்று பூஜ்யம். அன்றைக்குத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இனி தொடங்கித் தடங்கலில்லாமல் போனால்தான் நாற்பது முடியும், இன்னொரு தடவை சறுக்கினால் நான் நாற்பதைத் தொடும்போது உங்கள் வேன் பாதி ஊரைச் சுற்றி முடித்திருக்கும். ஷூ போன கோபத்தில் அம்மா துடைப்பத்தை என் கையில் திணித்து, “போய் படியையெல்லாம் பெருக்கித் துடை, அப்பவாச்சும் உன் கை சும்மா இருக்குதான்னு பாக்கறேன்” என்றாள். எங்கள் கட்டிடத்துப் படி உங்களுக்குத் தெரியும், மூன்று மாடி, நாற்பத்தெட்டு படி, திருப்பத்துக்குத் திருப்பம் யாருடையதோ செருப்பு. அந்தச் செருப்பில் இடதையும் வலதையும் மாற்றி வைக்க வேண்டும் என்று கை துடித்தது. ஆனால் கையில் துடைப்பம் இருந்தது. பெருக்கினேன். கடைசிப் படிக்கு வந்தபோது, அத்தை, அந்த ஆசையைக் காணோம்! எங்கே விழுந்ததென்றே தெரியவில்லை. குப்பையோடு போய்விட்டது போல. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ‘செய்யக்கூடாது, செய்யக்கூடாது’ என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தால் கைக்கு வேலையில்லாமல் போய் அது பழைய வேலைக்கே திரும்புகிறது. கைக்கு வேறு வேலை கொடுத்துவிட்டால் அது பாட்டுக்கு இருக்கிறது. அன்றிலிருந்து எனக்குள் ஒரு சட்டம்: குறும்பு தோன்றினால் துடைப்பம். எங்கே இருந்தாலும், எத்தனை தடவை ஆனாலும். முன்னேற்றம் படிப்படியாகத்தான் வரும் என்பார்கள் இல்லையா, எனக்குப் படியிலேயே வந்தது.

இதில் ஒரு சங்கடம், என் மனசு இப்போது கட்டிடத்துக்கே தெரிந்துவிட்டது. படி அழுக்காக இருந்தால் நான் அமைதியாக இருக்கிறேன் என்று அர்த்தம். பளபளப்பாக இருந்தால் ஆபத்து. தையலக்கா வாசலில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டே, “என்னடி, இன்னிக்குப் படியில மூஞ்சி தெரியுது. ரொம்பத் தோணுச்சா?” என்பார். “ஆறு தடவக்கா.” “எம்மேல எத்தன?” “ரெண்டு.” “நல்லா இருப்ப. இன்னொரு தடவ துடச்சிட்டுப் போ, எதுக்கும்.” தேர்வு வாரத்தில் நான் ஒரே நாளில் பதினோரு தடவை துடைத்ததில் மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் வழுக்கி உட்கார்ந்தபடியே முதல் மாடிக்கு வந்து சேர்ந்தார். அது குறும்பில் சேராது, விபத்து என்று அப்பா தனியாக ஒரு தாளில் எழுதி அட்டவணையோடு பின் போட்டார்.

ஐந்தரை மணி எழுச்சி அதைவிடச் சுலபமாக வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அலாரத்தைக் கை நீட்டி அணைக்கிற திறமை எனக்குத் தூக்கத்திலும் உண்டு. ஆகவே கடிகாரத்தைப் பெரிய எவர்சில்வர் பானைக்குள் போட்டு, மூடி, பானையைச் சமையலறை மேடையில் வைத்தேன். முதல் நாள் அது அடித்தபோது அப்பா கட்டிலிலிருந்து நேராக நின்றுகொண்டே இறங்கினார். அம்மா, “தீயணைப்பு வண்டி, தீயணைப்பு வண்டி!” என்று சொல்லிக்கொண்டே தலையணையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஒரு வாரத்தில் மூன்று பேருமே அது அடிப்பதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் எழுந்து, அந்தச் சத்தத்துக்குப் பயந்து, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஓடிப் பானையைத் திறந்தோம். எழுந்தபின் தூங்க முடியுமா? அப்பா மருத்துவர் சொன்ன சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைத் தூசி தட்டி எடுத்து, தினமும் மதிய டப்பாவை எடை பார்த்து நோட்டில் எழுத ஆரம்பித்தார். அம்மா வேலைக்குப் போகுமுன் ஒரு பல்வரிசையை மெருகேற்றி முடித்துவிடுவாள். ஒரு அலாரம், மூன்று பேருக்குப் பழக்கம்! ஆனால் அம்மாவுக்குத்தான் என் கட்டங்கள் ஏற ஏற முகம் இறங்கிக்கொண்டே வந்தது. “இருபதாச்சா? நிஜமாவா?” என்று அட்டவணையின் முன்னால் நிற்பாள். பெற்ற வயிறு, பிரிவை நினைத்து வாடுகிறது என்று நானும் உருகினேன்.

உண்மையான சோதனை எது தெரியுமா அத்தை? நான் நல்லவளானதை இந்த வீடு நம்பவில்லை. பதினாறு வருடப் பயிற்சி அவர்களுக்கு. நான் “குட் மார்னிங் அப்பா” என்றால் அவர் முதுகில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். நாற்காலியில் உட்காருமுன் அதைத் தட்டிப் பார்ப்பார். பற்பசையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒருநாள் அம்மா சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள், தையலெல்லாம் வெளியே தெரிய. “அம்மா, சட்ட திருப்பிப் போட்டிருக்க” என்றேன். “ஆமாமா, திருப்பிப் போட்டிருக்கேன், நீ சொன்னா நான் பாத்ரூமுக்குப் போய் மாத்துவேன், நீ வெளிய தாழ்ப்பாள் போடுவ. போடி” என்று சொல்லிவிட்டு அப்படியே வேலைக்குப் போய், நாள் முழுக்க எட்டுப் பேருக்குப் பல் அளவெடுத்துவிட்டு வந்தாள். வாயைத் திறந்தபடி இருந்ததால் அந்த எட்டுப் பேராலும் சொல்ல முடியவில்லையாம்.

பன்னிரண்டாம் நாள் அதற்கும் மேல். குளியலறைக் குழாய் அப்பாவின் கையோடு வந்துவிட்டது. சுவரிலிருந்து தண்ணீர் பீறிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்பா கையில் குழாயோடு, கணுக்கால் வரை தண்ணீரில், புன்னகை செய்துகொண்டு நிற்கிறார். “அப்பா, மெயின் வால்வ மூடுங்கப்பா!” “மூடமாட்டேன். எங்க கேமரா வெச்சிருக்க, சொல்லு.” “கேமரா இல்லப்பா, நிஜமாவே உடஞ்சிருச்சு!” “நல்லா நடிக்கிற.” கீழேயிருந்து தையலக்காவின் குரல்: “யாருங்க மேல! என் வீட்டுக்குள்ள மழ பெய்யுதுங்க!” அப்பா தலையை ஆட்டி ரசித்தார். “அவங்களையும் கூட்டு சேத்துட்டியா? பரவால்ல, முன்னேறியிருக்க.” கடைசியில் வால்வை மூடியது நான்தான். நனைந்த பதினோரு ரவிக்கைத் துணிகளை உலர்த்திக் கொடுத்ததும் நான்தான். அன்றைக்கு அட்டவணையில் கையெழுத்துப் போடுகையில் அப்பாவின் பேனா கொஞ்சம் தயங்கியது. அதற்குப் பிறகுதான் அவர் நம்பத் தொடங்கினார் என்று நினைக்கிறேன். நம்பத் தொடங்கியதும்தான் ஆபத்தும் தொடங்கியது.

முப்பத்தாறாம் நாள். அலுவலகத்தில் மேலதிகாரி வந்திருந்த நாள். மதியம் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்க, அப்பா டப்பாவைத் திறந்தால் உள்ளே அம்மாவின் பிளாஸ்டர் தாடை, அவித்த முட்டையைக் கவ்விக்கொண்டு இளிக்கிறது! மேலதிகாரி எட்டிப் பார்த்து, “உங்க சாப்பாடு உங்களுக்கு முன்னாடியே சாப்பிட ஆரம்பிச்சிருச்சு போல” என்றாராம். சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து, தாடையை மேசைமேல் வைத்தார். எனக்கு ரத்தம் உறைந்தது. பயத்தில் பாதி, மீதிப் பாதி பொறாமையில். அவ்வளவு அழகான வேலை, எனக்குத் தோன்றவில்லையே! “நான் இல்லப்பா.” “வேற யாரு?” “சத்தியமா நான் இல்லப்பா.” “கடிகாரத்த மாத்துனப்பவும் சத்தியம் பண்ணின.” விசாரணைக்குத் தையலக்கா சாட்சியாக மேலே வந்தார். “காலைலயே நாலு தடவ படி துடச்சா, சார். செஞ்சு தீத்துட்டவ எதுக்கு சார் துடைக்கணும்?” “தடயத்த அழிக்க” என்றார் அப்பா. அம்மா என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள், மூடினாள், தன் மேசைக்குப் போய் ஒரு கடைவாய்ப் பல்லை மெருகேற்ற ஆரம்பித்தாள், அது முன்பல் அளவுக்குத் தேயும்வரை நிறுத்தவில்லை. அப்பா பையைத் திறந்து, பொய்த் தராசுகளுக்குக் குத்துகிற முத்திரையை எடுத்து, என் அட்டவணையில் குத்தினார். ‘நிராகரிக்கப்பட்டது.’ பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பூஜ்யம். சுத்தமான, வட்டமான பூஜ்யம். அதன் வழியாகப் பார்த்தால் உங்கள் வேன் நான் இல்லாமல் போவது தெரிந்தது. அத்தை, நான் அழமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு வெங்காயமும் இல்லை.

மறுநாள் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. பானைக்குள் கடிகாரம்கூட வைக்கவில்லை. ஆனாலும் ஐந்து இருபத்தெட்டுக்குக் கண் தானாகத் திறந்துகொண்டது. ‘எதுக்குடி எழுந்த, எல்லாம்தான் போச்சே’ என்று கேட்டால் கண்ணுக்குப் பதில் தெரியவில்லை. கால் பாட்டுக்கு இறங்கியது, கை பாட்டுக்குத் துடைப்பத்தை எடுத்தது. நாற்பத்தெட்டு படியையும் யாருக்காகவும் இல்லாமல் பெருக்கினேன். முடித்துவிட்டுச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தேன். எதிரே அப்பாவின் சாப்பாட்டு நோட்டு. வேலையில்லாதவள் எதையும் படிப்பாள் அல்லவா? புரட்டினேன். முந்தைய நாள் பக்கத்தில், அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில், இப்படி இருந்தது: காலை 7.10. ரொட்டி, காய்கறி, முட்டை: 412 கிராம். அதற்குக் கீழே, தனி வரியில், பல்: 96 கிராம்.

மூன்று தடவை படித்தேன். பிறகு நோட்டோடு போய் அவர் முன்னால் நின்றேன். ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தவர் நோட்டைப் பார்த்ததும் பாதி முடிச்சில் நிறுத்திவிட்டார். “நீங்களேவா?” என்றேன். “எழுதாம இருக்க முடியலடி” என்றார். “கை தானா எழுதிருச்சு.” “சேத்து 508ன்னு எழுதியிருந்தா நான் கண்டே பிடிச்சிருக்க மாட்டேனேப்பா.” “அது தப்பான அளவாயிடும்ல.” “மேலதிகாரி முன்னாடி ஏன் தொறந்தீங்க?” “சாட்சி வேணும்ல.” எனக்குக் கோபம் வருவதா சிரிப்பு வருவதா என்று இரண்டும் வாசலில் முட்டிக்கொண்டன. கோபம்தான் முதலில் வந்தது. “ஏன்ப்பா?” என்று கத்திவிட்டேன். அவர் நாடாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “உன் அத்தையும் இப்படித்தான். ‘ஒரே ஒரு லீவுக்குத்தாண்ணே’ன்னு சொல்லிட்டு அந்த வேன்ல ஏறினா. பெட்டியத் தூக்கி உள்ள வெச்சதே நான்தான். இன்னும் அந்த லீவு முடியல.” “நான் திரும்பி வந்துருவேன்ப்பா.” “அவளும் அதான் சொன்னா.” “எனக்குப் பரீட்சை இருக்குப்பா.” “அவளுக்கும் இருந்துச்சு.” அப்பா எழுந்துபோய் அட்டவணையின் முன் நின்றார். பூஜ்யத்தின்மேல் ஒற்றைக் கோடு இழுத்தார், அழிக்கவில்லை, அது அலுவலக விதிக்கு விரோதம். பக்கத்தில் 36 என்று எழுதி, அதற்கடுத்து 37 என்றும் எழுதி, ஓரத்தில் ‘பிழை: சோதித்தவருடையது’ என்று குறித்துக் கையெழுத்துப் போட்டார். அத்தை, பெரிய மனுஷன் ஒருவர் தன் தப்பைத் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டதை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. கோபமாகவே இருக்க வேண்டும் என்றுதான் முடிவு செய்திருந்தேன், பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று அவருடைய குடையை எடுத்துக் கொடுத்ததில் அது கெட்டுப்போனது.

அதற்குப் பிறகு முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, இன்று நாற்பது! பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியரே கூப்பிட்டு, “என்னம்மா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்று விசாரித்தார். உடம்புக்கு நிறையவே, சார், பறக்கிறது. மூட்டையும் கட்டிவிட்டேன். இரண்டு ஜோடி உடை, ரப்பர் கையுறை, டெஸ்டர், இன்சுலேஷன் டேப் ஒன்று. ஏணியின் கீழே நான் நிற்கிறேன் அத்தை, நீங்கள் மேலே நின்று தைரியமாகத் தும்மலாம். வேன் எங்கே வரும், எத்தனை மணிக்கு, அதை மட்டும் எழுதுங்கள். விளக்கம் வேண்டாம், விளக்கு போதும்.

உங்கள் குழுவின் ராஜாவுக்கு என் வணக்கம், அவருடைய ஒட்டு மீசைக்குத் தனி வணக்கம். அழுகிற பாத்திரத்தில் வரும் அக்காவுக்கு என் அன்பு. வேன் ஓட்டுநருக்கு மட்டும் மரியாதையோடு ஒரு வேண்டுகோள், முன் சீட்டில் யாரையும் உட்காரவைக்க வேண்டாம். பிறரை ஆசீர்வதிக்க எனக்கு வயது பத்தாது. ஆகவே உங்களுக்கான ஆசியையும் நானே எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாற்பது நாள் சோதித்துத் தேறிய,
உங்கள் வாலு

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம், அத்தை, உட்கார்ந்துகொண்டு இன்னொரு தடவை படியுங்கள். ஏனென்றால் நீங்கள் இரண்டாம் பத்தியிலேயே எழுந்து நின்றிருப்பீர்கள். இப்போதுதான் உறை கேட்டு அம்மாவிடம் போனேன். “யாருக்குடி?” “அத்தைக்கு. நாற்பது முடிஞ்சிருச்சுன்னு எழுதியிருக்கேன்.” அம்மா கையிலிருந்த தாடையை அப்படியே மெழுகில் போட்டுவிட்டாள். “அத்தைக்கா? அவளுக்கு எதுக்குடி எழுதுன?” “அவங்கதானே கேட்டாங்க?” “அவ கேக்கலடி.” அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். “அந்த லெட்டர் நான் எழுதினது.”

அத்தை! நீங்கள் எழுதவே இல்லை! ஏணி, ஐந்தரை மணி, உதவியாளர், எல்லாம் அம்மா, இடது கையால்! உங்கள் எழுத்து எப்போதும் கரண்ட் அடித்த கையால் எழுதியது போல் இருக்கும் அல்லவா, அப்பாவுக்கே சந்தேகம் வரவில்லை. ‘கொஞ்சம் திருந்தியிருக்கு’ என்று வேறு சொன்னாராம். “மூணு நாளுகூடத் தாங்கமாட்டேன்னு நெனச்சேன்டி. எனக்கு மூணு நாள் நிம்மதி, அவ்ளோதான். நீ நாப்பது வரைக்கும் போவேன்னு யார் கண்டா? தெனமும் சொல்லிடலாம்னு வாயத் தொறப்பேன். நீ துடைப்பத்தோட எதுக்க வருவ. மூடிக்குவேன்.” பல்லையே அசல் போலச் செய்கிறவளுக்குக் கடிதம் எம்மாத்திரம்? என் வாழ்நாள் குறும்பையெல்லாம் ஒன்றாகக் கட்டித் தூக்கினாலும் இது ஒன்றுக்கு ஈடாகாது. ஒன்றரை மாதம் ஓடிய குறும்பு! நான் அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பிறகு மூட்டையைப் பார்த்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் எதையும் பார்க்கவில்லை.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தார். “அவ கூப்பிடவே இல்லையா?” என்றார். இல்லை என்றாள் அம்மா. நியாயப்படி அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் இனி எங்கேயும் போக வேண்டியதில்லை, அவர் ஆசைப்பட்டதும் அதுதானே. அவர் இந்தக் கடிதத்தை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை படித்தார், முட்டை வந்த இடத்தில் இருமினார். அப்புறம் ஃப்ரிட்ஜிலிருந்து அட்டவணையைக் கிழியாமல் உரித்து, நல்ல தராசுகளுக்குக் குத்துகிற முத்திரையை எடுத்து, நாற்பதாவது கட்டத்தில் அழுத்திக் குத்தினார். “அளந்தது நான். அளவு சரியா இருக்கு. அளக்கச் சொன்னது யாருங்கறதெல்லாம் தராசுக்குத் தேவையில்ல. இதையும் உள்ள வெச்சு அனுப்பு” என்றார். உறையின்மேல் முகவரியையும் அவரே எழுதினார். எழுதி முடித்து, என்னைப் பார்க்காமல், “லீவு முடிஞ்சதும் திருப்பி அனுப்பச் சொல்லு” என்றார்.

ஆகவே அட்டவணை இத்துடன் இணைப்பு. நீங்கள் கேட்காததை நான் செய்து முடித்துவிட்டேன். இனி நீங்கள்தான் கேட்க வேண்டும், அத்தை. ஒரு வரி போதும். ஆனால் உங்கள் கையாலேயே எழுதுங்கள். இந்தத் தடவை அப்பா உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வைத்திருக்கிறார்.